உழாத நிலத்துக்குக் குத்தகை: அமெரிக்க விவசாயியும் அரசின் மண், வனவிலங்குப் பாதுகாப்பு ஒப்பந்தங்களும்

அயோவாவில் மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போட்டுவந்த ஒரு சரிவு நிலத்தில் புல் விதைத்து, பத்து ஆண்டுகள் உழாமல் விட்டால், ஒவ்வோர் அக்டோபரிலும் அமெரிக்க அரசு அந்த விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் பணம் அனுப்புகிறது. எட்ட நின்று பார்க்கிறவர்கள் இதைச் சும்மா இருப்பதற்குக் கூலி என்பார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால் இது குத்தகை என்று தெரியும். நிலம் அவர் பெயரிலேயே இருக்கிறது. உள்ளே வேட்டைக்கு யாரை விடுவது என்பதும் அவர் இஷ்டம். உழும் உரிமையை மட்டும் அரசு தவணை வைத்து எடுத்துக்கொள்கிறது. தவணை முடிந்ததும் அவர் டிராக்டரை இறக்கலாம்.

விவசாயிகளுக்கும் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் அமெரிக்க வேளாண் துறை தரும் மண், வனவிலங்குப் பாதுகாப்பு ஊக்கத்தொகைகளில் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்து வருகின்றன. காலக்கெடு வைத்து எடுத்ததைக் காலக்கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் தானிய விலை என்னவாக இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அங்கே கூடு கட்டிய பறவைகளின் கதி.

முதல் பாடம் 1930-களில் கிடைத்தது. கன்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ் பகுதிகளில் புல்வெளிகளை உழுது கோதுமை போட்டார்கள். மழை பொய்த்ததும் மேல்மண் புழுதியாகக் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14-இல் வீசிய புயலுக்குக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே பெயர். ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் மண் அரிப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவந்தார். அந்த மாதம் 27-ஆம் தேதி அவர் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை உருவானது. 1994-இல் அதன் பெயர் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்று மாறியது. களத்துக்கு வந்து மண்ணைப் பார்த்துத் திட்டம் போட்டுத் தருவது இன்றும் இவர்கள்தான்.

1956-இல் ‘மண் வங்கி’ என்ற பெயரில் நிலத்தை ஒதுக்கிவைக்கும் திட்டம் வந்தது. 1960 வாக்கில் ஏறத்தாழ 2.87 கோடி ஏக்கர் அதில் இருந்தது. ஒப்பந்தங்கள் முடிந்தன. 1972-இல் சோவியத் யூனியன் பெருமளவில் தானியம் வாங்கியது, விலை ஏறியது. வேலியோரம் வரை உழுங்கள் என்று அன்றைய வேளாண் செயலர் ஏர்ல் பட்ஸ் ஊக்கப்படுத்தினார். ஒதுக்கிய நிலம் மட்டுமன்றி, உழவே கூடாத சரிவுகளும் கலப்பைக்குள் வந்தன. 1982-இல் எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்கப் பயிர் நிலங்கள் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன் மண்ணை இழந்துகொண்டிருந்தன.

கொடுக்கும் கை, பிடிக்கும் கை

1985 டிசம்பர் 23-இல் ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வழிகளைச் சேர்த்துக் கொண்டுவந்தது. ஒன்று, மேலே சொன்ன குத்தகை. பெயர் பாதுகாப்பு ஒதுக்குத் திட்டம், விவசாயிகள் வாயில் சி.ஆர்.பி. இன்னொன்று நிபந்தனை: எளிதில் அரிக்கும் நிலத்தை ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் உழுதாலோ, அந்தத் தேதிக்குப் பிறகு சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்தாலோ, மத்திய அரசின் வேளாண் மானியங்கள் கிடைக்காது.

எது எளிதில் அரிக்கும் நிலம் என்பதை அதிகாரி கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. மழையின் வேகம், மண் வகை, சரிவின் நீளம், செங்குத்து எல்லாவற்றையும் சேர்த்து, மேலே பயிர் மூட்டமே இல்லாவிட்டால் ஏக்கருக்கு ஆண்டில் எத்தனை டன் மண் போகும் என்று கணக்கிடுகிறார்கள். அதை அந்த மண் தாங்கக்கூடிய ஆண்டு இழப்பால் வகுக்கிறார்கள். ஆழமான நல்ல மண்ணுக்கும் தாங்கும் அளவு ஏக்கருக்கு 5 டன்தான். 45 டன் போகக்கூடிய சரிவு என்றால் 45-ஐ 5-ஆல் வகுத்து 9. ஈவு 8-ஐத் தொட்டாலே அது எளிதில் அரிக்கும் நிலம்.

இந்த நிபந்தனைக்கு விவசாயி தரும் உறுதிமொழிதான் ஏடி-1026 என்ற படிவம். ஊக்கத்தொகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் கூடுதலாக ஒரு டாலர் வாடகைகூடக் கொடுக்காமல் கோடிக்கணக்கான ஏக்கரில் கலப்பையைக் கட்டுப்படுத்தியது இதுதான். 1996-இல் பயிர்க் காப்பீட்டு மானியத்தை இந்த நிபந்தனையிலிருந்து பிரித்துவிட்டார்கள். காப்பீடு பெரிய மானியமாக வளர வளர, நிபந்தனையின் பிடி தளர்ந்தது. 2014 வேளாண் சட்டம் அதைத் திரும்பக் கட்டிப்போட்டது.

வாடகை எப்படிக் கணக்காகிறது

சி.ஆர்.பி.-க்கு இரண்டு வாசல்கள். பொதுச் சேர்க்கையில் அரசு தேதி அறிவிக்கும், வயலை முழுசாகக் கொடுக்கலாம், ஆனால் போட்டி உண்டு. தொடர் சேர்க்கையில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஓடையோரம், வயல் விளிம்பு, சதுப்பு போன்ற சிறு துண்டுகளுக்கு அது. இரண்டிலும் ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டுகள்.

பயிர் நிலமாக இருக்க வேண்டும். 2018 வேளாண் சட்டப்படி 2012 முதல் 2017 வரையான ஆறு ஆண்டுகளில் நான்கிலாவது பயிர் போட்டிருக்க வேண்டும். வாங்கி 12 மாதம் ஆகாத நிலத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. வாடகைக்காகவே நிலம் வாங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பயிர் நிலத்தில் கால் பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. விதைக் கடையும் தானியக் கிடங்கும் மூடிப்போனால் ஊரே காலியாகிவிடும் என்ற பயத்தில் வைத்தது. அந்தப் பயம் நியாயமானது.

வாடகைக்கு அடிப்படை அந்தக் கவுண்டியில் நடப்பிலுள்ள ரொக்கக் குத்தகை. கொடுக்கும் துண்டில் அதிகமாக உள்ள மூன்று மண் வகைகளின் விளைதிறனை வைத்து அதைக் கூட்டியும் குறைத்தும் ஓர் உச்ச வரம்பு போடுகிறார்கள். 2018 சட்டம் கவுண்டி சராசரியில் பொதுச் சேர்க்கைக்கு 85 சதவீதம், தொடர் சேர்க்கைக்கு 90 சதவீதம் என்று கத்தரி போட்டது. ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வாடகை இல்லை. புல் விதைக்கும் செலவில் பாதியை அரசு ஏற்கும். பொதுச் சேர்க்கையில் உச்ச வரம்பைவிடக் குறைவாகக் கேட்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்பதால், எவ்வளவு இறங்கிக் கேட்பது என்பதில் விவசாயியின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்தப் புள்ளிப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வனவிலங்குக்கு 100, தண்ணீர்த் தரத்துக்கு 100, மண் அரிப்புக்கு 100, அதன்பின் நீடித்த பயன், காற்றுத் தரம், செலவு. வனவிலங்குப் பிரிவுக்குள் என்ன விதைக்கிறீர்கள் என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். ஒரே வகை அயல்நாட்டுப் புல்லுக்கு 10 புள்ளி. உள்நாட்டுப் புல்லும் பூச்செடிகளும் கலந்த விதைப்புக்கு 50 வரை. விவசாயியின் தலைக்குள் இருக்கும் கணக்கைப் பிரசங்கம் எதுவும் இல்லாமல் மாற்றியது இந்த 40 புள்ளி இடைவெளி.

1980-களில் இந்தப் பட்டியல் இல்லை. மலிவாகக் கிடைத்த புரோம் புல்லையும் ஃபெஸ்கியூ புல்லையும் விதைத்தார்கள். மண் நின்றது, பறவை வரவில்லை. அந்தப் புற்கள் பாய் போலப் பின்னிக்கொண்டு தரையை மூடிவிடும். பாப்வைட் காடைக் குஞ்சு சில கிராம் எடைதான்; அந்தப் பின்னலுக்குள் அதனால் நடக்கவே முடியாது. அதற்குத் தலைக்கு மேல் நிழலும் காலடியில் வெறுந்தரையும் வேண்டும், நடுவில் பூச்சி கிடைக்க வேண்டும். குத்துக் குத்தாக வளரும் பிக் ப்ளூஸ்டெம், லிட்டில் ப்ளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற உள்நாட்டுப் புற்களும் இடையிடையே பூக்கும் செடிகளும் இருந்தால்தான் அந்த அமைப்பு வரும்.

விதைப்பில் தவறுவது

உள்நாட்டுப் புல் விதைப்பு கோதுமை விதைப்பு மாதிரி இல்லை. பழக்க தோஷத்தில்தான் பெரும்பாலான தோல்விகள்.

முதலில் விதையின் கணக்கு. மூட்டையில் இருக்கும் எடை முழுவதும் விதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உமியும் சருகும் முளைக்காத விதையும் அதில் சேர்ந்திருக்கும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவு சுத்தமான, உயிருள்ள விதைக்கு. சீட்டில் தூய்மை 90 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்றிருந்தால் இரண்டையும் பெருக்கி 72 சதவீதம். ஏக்கருக்கு 10 பவுண்டு வேண்டுமென்றால் மூட்டையிலிருந்து ஏறக்குறைய 13.9 பவுண்டு எடுக்க வேண்டும். 10 பவுண்டையே போட்டுவிட்டு வயல் வெளிறிக் கிடக்கிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

அடுத்தது ஆழம். கால் அங்குலம் போதும். நன்றாக உழுது பொலபொலப்பாக்கிய மண்ணில் விதைக் கருவி இரண்டு அங்குலம் இறக்கிவிடும், முளை மேலே வரவே வராது. சோதனை எளிது: வயலில் நடந்தால் காலடித் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது. அதனால்தான் சோயா அறுத்த தாள் நிலத்தில் உழாமல் நேரடியாக விதைப்பதை விரும்புகிறார்கள். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி தெளித்த நிலம் என்றால் பூச்செடிகளுக்கு ஆபத்து. மருந்தின் வீரியம் மண்ணில் அடுத்த பருவத்துக்கும் தங்கும். லேசான, பஞ்சு போன்ற விதைகள் சாதாரண டிரில் என்ற விதைக் கருவியின் குழாயில் அடைத்துக்கொள்ளும். அவற்றைக் கிளறி இழுத்துவிடும் சக்கரம் வைத்த தனி டிரில் வேண்டும். பல கவுண்டிகளில் பாதுகாப்பு மாவட்ட அலுவலகங்களே அதை வாடகைக்கு விடுகின்றன.

முதல் ஆண்டு வயல் பார்க்கச் சகிக்காது. உள்நாட்டுப் புல் அந்த ஆண்டு வேரை இறக்கிக்கொண்டிருக்கும். மேலே தெரிவதெல்லாம் களை. களை முழங்கால் உயரம் வரும்போது 6 முதல் 8 அங்குலம் விட்டு மேலாக வெட்டினால் புல் நாற்றுக்கு வெளிச்சம் கிடைக்கும். புல் நிலத்தைப் பிடிக்க மூன்று ஆண்டுகள் ஆகலாம். பக்கத்து வயல்காரர் கேலிக்குப் பயந்து முதல் கோடையிலேயே உழுதுவிட்டு மறுபடி விதைத்தவர்கள், கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தச் செலவே வந்திராது.

ஆனால் புல் பிடித்த பிறகு கதை தலைகீழ். பறவைகள் கூடு கட்டும் முக்கியப் பருவத்தில், அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை, வெட்டவே கூடாது. பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக வெட்டுவது எந்தப் பருவத்திலும் ஒப்பந்த மீறல். அதே நேரம் பத்து ஆண்டுகள் தொடாமல் விட்டாலும் கெட்டுப்போகும். சருகு மண்டி, பூச்செடி ஒழிந்து, மரக்கன்றுகள் ஏறிவிடும். ஆகவே நடுத்தவணையில் தீ வைப்பதோ, வட்டுக் கலப்பையால் லேசாகக் கீறுவதோ, பூச்செடி விதையை மறுபடி தூவுவதோ ஒப்பந்தத்திலேயே வரும். முழு வயலையும் ஒரே ஆண்டில் எரிக்காமல் மூன்றில் ஒரு பங்காக எரித்தால் பறவைக்கு ஒதுங்க இடம் இருக்கும்.

விதையோடு வேறு வில்லங்கமும் வரலாம். 2016-இல் மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கான விதைக் கலவைகளில் பால்மர் அமரந்த் என்ற களையின் விதை கலந்து, அயோவாவின் பல கவுண்டிகளுக்குப் பரவியது. நம் தண்டுக்கீரைக்கு உறவுக்காரச் செடிதான். ஒரு செடி லட்சக்கணக்கில் விதை போடும், பல களைக்கொல்லிகளுக்கு அசையாது. பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் பூச்செடி விதைக்குத் தேவை ஏறியதும், விதை தூரத்திலிருந்து வந்ததும்தான் காரணம். சலுகை நல்லது என்பதற்காக விதைச் சந்தை ஒரே இரவில் தயாராகிவிடாது. இன்று விதை வாங்குகிறவர்கள் பரிசோதனைச் சீட்டில் அந்தக் களையின் பெயர் தனியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனை சிக்கலோடும் கிடைத்தது சின்னப் பலன் இல்லை. டகோட்டாக்களின் குட்டைப் பிரதேசத்தில் சி.ஆர்.பி. புல்வெளிகளால் 1990-களில் ஆண்டுக்கு 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பெருகின என்று ஆய்வுகள் கணக்கிட்டன. இல்லினாயில் ஹென்ஸ்லோ சிட்டுக்குருவி திரும்பி வந்தது. நாடு முழுவதும் பயிர் நிலத்தின் மண் இழப்பு 2007 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 170 கோடி டன்னாக இறங்கியிருந்தது.

மாடு மேயும் இடத்தில்

மேற்கு மாநிலங்களில் கதை வேறு. அங்கே உழவு குறைவு. மாடு மேய்வதை நிறுத்தினால் பண்ணை விற்கப்பட்டு வீட்டு மனையாகும் அபாயம்தான் அதிகம். அதனால் ஒதுக்குவதற்குப் பதில், மேய்ச்சலை நடத்திக்கொண்டே திருத்துவதற்குப் பணம் தருகிறார்கள். 1996-இல் வந்த சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம், சுருக்கமாக ஈக்விப், இதற்குப் பெரிய கருவி. அதன் நிதியில் பாதி கால்நடை சார்ந்த வேலைகளுக்கும், குறைந்தது 10 சதவீதம் வனவிலங்கு வாழிடத்துக்கும் என்று 2018 சட்டம் வைத்தது.

நன்றாக நடந்த ஓர் உதாரணம் சேஜ் கிரவுஸ். கோழி அளவுக்கு மேலான பறவை, 11 மாநிலங்களின் சேஜ் புதர்க்காட்டில் வாழ்கிறது. வசந்தத்தில் ஆண் பறவைகள் ஒவ்வோர் ஆண்டும் அதே ஆடுகளத்தில் கூடி மார்பை உப்பிக் காட்டும். அருகிவரும் உயிரினப் பட்டியலில் இது ஏறினால் மேய்ச்சல் அனுமதியெல்லாம் சிக்கலாகும் என்ற நிலையில், 2010-இல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை தனி முயற்சி தொடங்கியது. 2014 வரை சுமார் 1,100 பண்ணைகள், 44 லட்சம் ஏக்கர் அதில் வந்தன. 2015 செப்டம்பரில், பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அரசு முடிவெடுத்தது.

அங்கே செய்ததெல்லாம் சிறு சிறு வேலைகள். அந்தப் பறவை தாழப் பறக்கும், அதுவும் விடியலுக்கு முன் மங்கிய வெளிச்சத்தில். முள்கம்பியில் மோதிச் சாகும். வீட்டுச் சுவர்ப் பலகைக்குப் பயன்படும் வினைல் பட்டையை மூன்று அங்குலத் துண்டாக வெட்டி, மேல் கம்பியில் சில அடிக்கு ஒன்றாக மாட்டினார்கள். ஐடாஹோவில் சோதித்தபோது மோதல் 83 சதவீதம் குறைந்தது. எல்லா வேலிக்கும் மாட்டத் தேவையில்லை. ஆடுகளத்துக்கு அருகிலுள்ள சமதரை வேலிக்கே அதன் அவசியம்.

புதர்க்காட்டுக்குள் ஏறிவந்த ஜூனிபர் மரங்கள் இன்னொரு தொல்லை. கழுகும் காக்கையும் அமர இடம் கிடைத்துவிடும். மரமூட்டம் 4 சதவீதத்தைத் தாண்டிய இடங்களில் ஆடுகளங்கள் கைவிடப்பட்டிருந்தன. பார்த்தால் வெட்டவெளி போலத்தான் இருக்கும், பறவைக்கு அதுவே அதிகம். அந்த மரங்களை வெட்டினால் மாட்டுக்குப் புல்லும் கூடும். இரண்டு பேருக்கும் ஒரே வேலையில் லாபம் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பணத்தைப் போட்டதுதான் இந்த முயற்சியின் சூட்சுமம்.

வேலியும் தண்ணீர்த் தொட்டியும்கூட விவரத்தோடு வரும். புதுத் தொட்டி வைக்க ஈக்விப் பணம் வாங்கினால், உள்ளே விழுந்த பறவையும் அணிலும் ஏறி வெளியேற ஒரு சாய்தளம் பொருத்தியாக வேண்டும். தொட்டியின் உள்சுவரை ஒட்டி அது அமைய வேண்டும். விழுந்த பிராணி சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்தும், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைக் கண்டுபிடிக்காது. ப்ராங்ஹார்ன் மான் வேலியைத் தாண்டாது, அடியில் புகுந்து போகும். அதனால் கீழ்க் கம்பி முள்ளில்லாமல், தரையிலிருந்து 16 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் பணம் போகும் இடங்கள்

ஈக்விப் போன்றவற்றில் விவசாயிக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் வரிசை தவறுவதால். முதலில் வேளாண் துறையின் கிளையான பண்ணைச் சேவை முகமையின் உள்ளூர் அலுவலகத்தில் பண்ணை எண், துண்டு எண், ஏடி-1026, வருமான உறுதிமொழி ஆகியவை நேராக இருக்க வேண்டும். பொதுவாகச் சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேலானவர்களுக்குத் தகுதியில்லை. அதன்பின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை அதிகாரி வயலைப் பார்த்துத் திட்டம் எழுதுவார், தரவரிசை நடக்கும், தேர்வானால் ஒப்பந்தம். இருதரப்பும் கையெழுத்திடுவதற்கு முன் குழி தோண்டினால், அந்த வேலைக்குப் பணம் கிடையாது. கோடை வருகிறதே என்று குழாயைப் பதித்துவிட்டு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு.

இரண்டாவது, பணம் ரசீதுப்படி வருவதில்லை. வேலி என்றால் அடிக்கு இவ்வளவு, குழாய் என்றால் அடிக்கு இவ்வளவு என்று மாநிலவாரியாக அட்டவணை இருக்கிறது. மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை. இரும்பு விலை ஏறினால் வித்தியாசம் விவசாயி தலையில். அதுவும் வேலை முடிந்து அதிகாரி அளந்த பிறகே வரும் என்பதால், முழுச் செலவையும் முன்கூட்டிப் புரட்ட வேண்டும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள், வசதி குறைந்தவர்கள், முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கு 90 சதவீதம் வரையும், அதில் பாதியை முன்பணமாகவும் தரும் வழி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இடம் கிடைக்க வேண்டும். 2010 முதல் 2020 வரை ஈக்விப்புக்கு விண்ணப்பித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஒப்பந்தம் கிடைத்தது. 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் இத்தகைய திட்டங்களுக்கு 1,950 கோடி டாலர் ஒதுக்கியது இந்த வரிசையைப் பார்த்துத்தான். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதில் செலவாகாத பகுதியை வழக்கமான நிதியோடு சேர்த்துவிட்டது.

அச்சமும் ஒரு விலை

பணம் கொடுப்பதைவிடப் பயத்தைப் போக்குவது முக்கியமாகும் இடங்களும் உண்டு. தென்கிழக்கு மாநிலங்களின் நீளிலைப் பைன் காடுகளில் ரெட்-காக்கேடட் மரங்கொத்தி, உயிருள்ள முதிய பைன் மரத்தில் மட்டும் பொந்து குடைகிறது. ஒரு பொந்துக்கே பல ஆண்டுகள் ஆகும். பறவை குடியேறிவிட்டால் 1973-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டப்படி மரத்தைத் தொட முடியாது. விளைவு, மரம் முதிர்ந்து பொந்துக்குத் தகுதியாகும் முன்பே வெட்டி விற்றுவிட்டார்கள். சட்டமே வாழிடத்தைக் குறைத்தது.

1995-இல் வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்ற ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திடும் அன்று நிலத்தில் எத்தனை மரங்கொத்திக் குடும்பங்கள் இருக்கின்றனவோ, அவற்றுக்கு மட்டும் பொறுப்பு. காட்டை நன்றாக வைத்து, அதற்கு மேல் பறவைகள் வந்தால், பின்னால் மரம் வெட்டுவதற்கு அவை தடையாகா. அரசு கையைவிட்டு அதிகம் செலவழிக்கவில்லை. 2024 அக்டோபரில் அந்த மரங்கொத்தி ‘அழியும் நிலை’யிலிருந்து ஒரு படி கீழான ‘அச்சுறுத்தலுக்குள்ளான’ வகைக்கு மாற்றப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. தனியார் நிலத்தில் பயம் தணிந்ததும் அவற்றில் ஒன்று.

தவணை முடியும் நாள்

சி.ஆர்.பி. உச்சத்தில் இருந்தது 2007-இல், 3.68 கோடி ஏக்கர். அதே ஆண்டு பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் விரிவானது, எத்தனாலுக்கு மூலப்பொருளான மக்காச்சோளத்தின் விலை ஏறத் தொடங்கி 2012-இல் புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) 8 டாலரைத் தாண்டியது. முடிந்த ஒப்பந்தங்களைப் பலர் புதுப்பிக்கவில்லை. நாடாளுமன்றமும் உச்ச வரம்பை 2.4 கோடி ஏக்கருக்கு இறக்கியது. தெற்கு டகோட்டாவில் 2007-இல் சுமார் 1.19 கோடியாக மதிப்பிடப்பட்ட ஃபெசண்ட் பறவைகள் 2013-இல் 62 லட்சமாகின. வறட்சிக்கும் பனிக்கும் அதில் பங்குண்டு என்றாலும், கூடு கட்டப் புல் இல்லாமல் போனது கண்கூடு.

இடையில் உடைத்துக்கொண்டு போக முடியாதா? முடியும். அதுவரை வாங்கிய வாடகை, மானியம் எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பி, ஓராண்டு வாடகையில் 25 சதவீதம் ஈட்டுத்தொகையும் கட்ட வேண்டும். எட்டாம் ஆண்டில் அதைக் கட்ட யாருக்கும் மனம் வராது. எனவே ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் பத்திரமாக இருக்கிறது. முடியும் அன்று மொத்தமாகக் கதவு திறக்கிறது.

காலக்கெடு இல்லாத வழியும் இருக்கிறது. சதுப்பு நில உரிமைப் பத்திரத்தில் அரசு உழும் உரிமையை நிரந்தரமாக வாங்குகிறது. உரிமையின் மதிப்பு முழுவதும் ஒரே தடவையில் கிடைக்கும், 30 ஆண்டுப் பத்திரம் என்றால் பாதி முதல் முக்கால் பங்கு. லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில், அடிக்கடி வெள்ளம் புகுந்து சோயா அழுகிய தாழ்நிலங்களை இப்படி வாங்கிக் காடாக்கியது, 2016-இல் லூசியானாக் கருங்கரடி பட்டியலிலிருந்து நீங்கியதற்கு ஒரு காரணம். ஏக்கருக்குச் செலவு அதிகம். எல்லா நிலத்துக்கும் இது ஒத்துவராது. விளைச்சல் தராத, வெள்ளம் தேடி வரும் நிலத்துக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை.

அமெரிக்கப் பயிர் நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் உழப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகைக்காரர் பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. வெளியூரில் இருக்கும் நிலச் சொந்தக்காரருக்கோ அதிகக் குத்தகைதான் முக்கியம். இன்னொரு ஓட்டை: 100 ஏக்கரை ஒதுக்கினால் வேறெங்கோ 20 ஏக்கர் புதிதாக உழப்படுகிறது என்று மத்திய மாநிலங்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2000-இல் காட்டியது. ஒதுக்கிய ஏக்கர்களை மட்டும் எண்ணி வெற்றி பேசும் அறிக்கைகளில் அந்த 20 வராது.

தவணை முடியும் நிலத்தை வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள். மறுபடி விண்ணப்பிக்கலாம். புதிய விவசாயிக்கோ முன்னாள் படைவீரருக்கோ நிலத்தை விற்றால் அல்லது நீண்ட குத்தகைக்கு விட்டால், இன்னும் இரண்டு ஆண்டு வாடகை கிடைக்கும். உழலாம்; ஆனால் எளிதில் அரிக்கும் நிலம் என்ற முத்திரை போகாது, புல்லை மருந்தடித்துக் கொன்று உழாமல் விதைப்பது போன்ற பாதுகாப்புத் திட்டம் இல்லாவிட்டால் காப்பீட்டு மானியமே போய்விடும். மேய்ச்சலுக்கு விடுவது பறவைக்கும் மண்ணுக்கும் நல்ல வழி. அதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு: அது முன்னாள் பயிர் நிலம் என்பதால் வேலியும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. இரண்டுக்கும் ஈக்விப்பில் பணம் கேட்கலாம். விண்ணப்பம், தரவரிசை, கையெழுத்து, வேலை எல்லாம் முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகவே ஒப்பந்தம் முடியும் செப்டம்பருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது.